மரம் வெட்டும் தொழிலுக்கு முதலில் வாங்க வேண்டியவை



சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கம் தோட்டங்கள் துண்டாகித் தாமான்களாக மாறிய பிறகு, நம் பிள்ளைகளில் சிலர் மரம் வெட்டும் குத்தகை வேலைக்குப் போகிறார்கள். வீட்டோரம் சாய்ந்த மாமரம், சாலையோரத்து அங்சானா, மறுநடவுக்குச் சாய்க்கிற கிழட்டுப் பால்மரம் என்று வேலைக்குப் பஞ்சமில்லை. நல்ல பிழைப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் கையில் இருக்கிற காசு முழுவதையும் செயின்சாவில் போட்டுவிட்டு, தலைக்கும் காலுக்கும் வாங்கச் சொன்னால் "அடுத்த மாசம் பாத்துக்கலாம் டிரெசர்" என்கிறார்கள். மிஷினை இரவல் வாங்கலாம். தொடையை யார் இரவல் கொடுப்பார்?

காலிலிருந்தே தொடங்குகிறேன். செயின்சாவை இடது கை முன்னாலும் வலது கை பின்னாலுமாகப் பிடிக்கிறோம். கிளை அறுந்ததும் மிஷின் கீழே விழுகிற இடம் இடது தொடையும் முழங்காலும்தான். முழு வேகத்தில் அந்தச் சங்கிலி விநாடிக்கு 20 மீட்டர் அளவுக்கு ஓடும். "ஜீன்ஸ் போட்டிருக்கேன்" என்பது இதற்குப் பதில் ஆகாது. ஜீன்ஸைக் கிழித்துச் சதையைக் கிழிக்க அதற்குக் கண் இமைக்கும் நேரம் வேண்டாம். தொடையில் ஓடும் பெரிய இரத்தக்குழாய் அறுபட்டால் சில நிமிடத்தில் ஆள் போய்விடலாம்.

இதற்கென்றே கால்கவசம் விற்கிறார்கள். அது இரும்பு அல்ல. உள்ளே நீளமான நூல் இழைகள் பல அடுக்காக இருக்கும். சங்கிலி மேல் துணியைக் கிழித்ததும் இந்த இழைகள் வெளியே இழுபட்டு, பல்சக்கரத்தில் சுற்றிச் சிக்கி, மிஷினையே நிறுத்திவிடும். கெடா வெயிலில் முழுக் கால்சட்டை புழுங்கும் என்றால், முன்பக்கம் மட்டும் கட்டிக்கொள்ளும் வகை இருக்கிறது. அறுக்கும்போது கட்டி, ஓயும்போது கழற்றலாம். வாங்கும்போது அது செயின்சாவுக்கென்று செய்ததா என்று சீட்டைப் பாருங்கள். புல் வெட்டும் மிஷினுக்கு விற்கும் பிளாஸ்டிக் தகடு இதற்கு உதவாது. ஒரு தடவை வெட்டு வாங்கிய கவசத்தைத் தைத்துப் போடக் கூடாது. உள்ளே இழை இழுபட்டுவிட்டது, அதன் ஆயுள் முடிந்தது. துவைக்கும்போது பிளீச் ஊற்றாதீர்கள், அம்மாமார்களே. இழை கெட்டுப்போகும்.

காலணிக்கு நுனியில் இரும்பு வைத்தது, அடியில் நல்ல பிடிப்பு உள்ளது. காட்டுக்குப் போடும் சாதாரண ரப்பர் பூட்ஸ் சேற்றுக்குத்தான் சரி.

தலைக்கவசத்தில் சிரிம் முத்திரை பாருங்கள், தாடைவார் உள்ளதாக எடுங்கள். உட்புறத்தில் செய்த மாதமும் வருஷமும் அச்சாகி இருக்கும். மோட்டார் சைக்கிள் கூடையில் வருஷக்கணக்கில் வெயில் காய்ந்த கவசம் உள்ளுக்குள் நொறுங்கிப்போய் இருக்கும், பார்த்தால் தெரியாது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மரம் வெட்டுகிறவர்களும் உண்டு. மேலே கிளை முறிகிற சத்தம் அதில் சரியாகக் கேட்காது. பால்மரக் கிளை எவ்வளவு சுலபமாக ஒடியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கும் இது சேரும். அண்ணாந்து பார்க்கிற வேலையில் தூசு, மட்டை முள், மரத்தூள் எல்லாம் நேராகக் கண்ணுக்கு வரும். முகத்துக்குப் போடும் வலைத்தட்டு ஆவி பிடிக்காது, நல்லதுதான். ஆனால் மரத்தூள் அதன் ஓட்டை வழியே போகும். அதனால் உள்ளே ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். மரம், இலை பட்ட கீறலில் பூஞ்சை பிடித்தால் கருவிழி புண்ணாகிப் பார்வையே போகலாம். கண்ணில் பட்டதும் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், கசக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். தாய்ப்பால் விடுவது, பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடுவது, இரண்டும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தாக இருந்தால் பூஞ்சைக்கு அது தீனி.

காது: 2019-இல் வந்த சத்த விதிமுறைப்படி 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் வரம்பு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். செயின்சா 100 டெசிபலுக்கு மேல் கத்தும். 100-க்கே 15 நிமிஷம்தான் கணக்கு. பஞ்சை அடைத்தால் போதாது, காதுமூடி வாங்குங்கள்.

இதெல்லாம் வாங்கிய பிறகு மிஷின். புதியவருக்குச் சிறியதே போதும். சங்கிலியை நிறுத்தும் முன் பிரேக் வேலை செய்கிறதா, அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மிஷினில் முதலில் காணாமல் போவது இவைதான். கத்தியின் மேல்நுனி மரத்தில் பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும், பிரேக் அப்போதுதான் உயிரைக் காக்கும். அரம் ஒன்றும் ஆப்பு இரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். சீவலாக வந்தால் சங்கிலி கூர், மாவாக வந்தால் மழுங்கியது.

முதல் வருஷம் மரத்தில் ஏறாதீர்கள். தார்ப்பாய் கட்டும் நைலான் கயிறு ஆளைத் தாங்கச் செய்ததல்ல. ஏறுவதற்குத் தனி வாரும் கயிறும், அதைக் கற்றுக்கொடுக்கும் ஆளும் வேண்டும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் கத்தியையே எடுக்காமல் தெனாகாவுக்கு 15454-இல் சொல்லுங்கள். அலுமினியக் கழியில் அரிவாள் கட்டிய செம்பனைக்காரர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். கழி மின்சாரத்தைக் கடத்தும்.

நிர்வாகத்திலோ குத்தகைக்காரரிடமோ சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, அந்தச் சட்டத்துக்காகக் கொடுக்கும் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. "ஹெல்மெட்டுக்குச் சம்பளத்தில் வெட்டிட்டாங்க" என்றால் சங்கக் கிளையில் சொல்லுங்கள். கொடுத்ததைப் போடாமல் இருப்பதும் சட்டப்படி தவறுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் 1 முதல் 26அ பிரிவும் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருந்து, முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் 2017-ஆம் ஆண்டுச் சுயதொழில் சட்டப்படி பெர்கேசோவில் பதியலாம். முதலில் டாக்சிக்காரர்களுக்கு வந்த திட்டம், பிறகு மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. காயம் பட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் அந்தக் காயத்துக்குப் பலன் இல்லை.

முதலுதவிப் பையில் பெரிய சுத்தத் துணிகள், அகலமான கட்டுத்துணி, கத்தரிக்கோல் இருக்கட்டும். தனியாகப் போகாதீர்கள். இரத்தம் கொட்டினால் துணியை வைத்து உடல் பாரத்தோடு அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நனைந்தால் மேலே இன்னொன்று. காப்பித்தூள், புகையிலை எதுவும் காயத்தில் வேண்டாம், ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுப்பதே ஒரு வேலை. விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். ஐஸ் நேரே விரலில் படக் கூடாது. 999-க்கு அழைத்தால் தோட்டத்தின் பெயரோடு எந்தச் சாலை, எந்த மைல்கல், எந்த நுழைவாயில் என்றும் சொல்லுங்கள். ஒருவர் சாலைக்கு வந்து நிற்கட்டும். ஆஸ்பத்திரியில் டெட்டனஸ் ஊசி கடைசியாக எந்த வருஷம் போட்டீர்கள் என்று கேட்பார்கள். அதை இப்போதே ஒரு தாளில் எழுதி அடையாளக் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.