சூராட் பெரானாக் இல்லாத பிள்ளையும் நம் பிள்ளைதான்

முதலாம் ஆண்டு மாணவர் பதிவு தொடங்கிவிட்டால் நம் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்குத் தூக்கம் போய்விடும். அடுத்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பதே கவலை. நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இன்னும் ஏதோ ஒரு தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருப்பவை. 150 மாணவர்களுக்குக் குறைவாக இருந்தால் அது ‘குறைந்த மாணவர் பள்ளி’. தோட்டப்புறப் பள்ளிகளில் பலவும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. விடுமுறை நாளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை தேடும் ஆசிரியர்களை நான் நன்றாக அறிவேன். நானும் அப்படிப் போனவன்தான்.

அப்படிப் போகும்போது தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு காட்சி கண்ணில் படும். பள்ளிக்கூட மணி காதில் விழும் தூரத்தில், லயத்து வாசலில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும். “ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை?” என்று கேட்டால் வீட்டார் முகம் மாறும். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இருக்காது. இருந்தாலும் அதில் ‘புக்கான் வார்கநெகாரா’, அதாவது குடிமகன் அல்லர் என்று இருக்கும். பதிவு இப்போது இணையம் வழிதான். பத்திரத்தின் எண்ணைக் கேட்கும் இடத்தில் அந்தக் குடும்பம் நின்றுவிடும்.

30 ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது இத்தகைய குடும்பங்களோடு பாரங்களைத் தூக்கிக்கொண்டு அலுவலகங்களுக்குப் போய்வருகிறேன். ஒரு பக்கம் பிள்ளை இல்லாத பள்ளி, மறுபக்கம் பள்ளி இல்லாத பிள்ளை. இரண்டுக்கும் நடுவே இருப்பது சில தாள்கள்.

பிழைக்க வந்தவர்களின் பள்ளி

நம் தோட்டப் பள்ளிகள் யாருக்காக எழுந்தன என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. பிள்ளைகளின் வயது 7 முதல் 14 வரை. சில தோட்டங்களில் கோயில் கொட்டகையே வகுப்பறை. கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ வாத்தியார். அங்கே உட்கார்ந்த பிள்ளைகளின் பெற்றோர் கப்பலேறிப் பிழைக்க வந்தவர்கள். இந்த நாட்டின் குடியுரிமை அவர்களில் யாருக்கும் இல்லை. ‘நீ எந்த நாட்டுப் பிரஜை?’ என்று கேட்டிருந்தால் அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளைகூட உட்கார்ந்திருக்க முடியாது.

நாடற்றவர்களின் பிள்ளைகளையும், வெளிநாட்டுத் தாய்க்குப் பிறந்தவர்களையும், அகதிகளின் பிள்ளைகளையும் பற்றிப் பேசும்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இந்த வரலாறுதான்.

தாள் எங்கே தொலைந்தது?

“இத்தனை தலைமுறையாக இங்கே இருந்தும் பத்திரம் எடுக்காமல் என்ன செய்தார்கள்?” என்று நகரத்து இளைஞர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. பதிலைச் சட்டத்தின் வழியே பார்த்தால்தான் புரியும்.

மெர்டேக்காவுக்குப் பின் 1962 செப்டம்பர் வரை, இந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை உண்டு. அதற்குப் பின் பிறந்தவர்களுக்குத் தாய், தந்தையரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று விதி மாறியது. தோட்டத்திலேயே முடங்கிக் கிடந்த பலர் விண்ணப்பம் செய்யாமல் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றுவிட்டார்கள். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடிமக்கள் அல்லாதோர் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்றது. அதையொட்டி ஏறக்குறைய 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்கே திரும்பினார்கள். குடியுரிமைத் தாள் இல்லாததன் விலை என்ன என்பதை நம் சமூகம் அப்போதே ஒருமுறை பார்த்துவிட்டது.

அடுத்தது திருமணம். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கோயிலில் தாலி கட்டினாலே சட்டப்படி திருமணம். அதற்குப் பின் பதிவு செய்தால்தான் திருமணம். தோட்டத்து மாரியம்மன் சன்னிதியில் ஊரே கூடி நடத்திய கல்யாணமானாலும், பதிவு இல்லையென்றால் பிள்ளை சட்டத்தின் கண்ணில் மணமாகாத பெற்றோரின் பிள்ளை. அப்படிப் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் கணக்கு. தந்தை நீல அடையாளக் கார்டு வைத்திருந்தும் பயனில்லை.

இன்றைய தோட்டத்தில் இது பெரிய சிக்கல். செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியா, வங்காளதேசம் எனப் பல நாட்டார் வேலை செய்கிறார்கள். நம் பையன் ஒருவன் இந்தோனேசியப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். பெர்மிட் சிக்கலால் பதிவு செய்ய முடிவதில்லை. பிள்ளை பிறக்கிறது. தாய் ஊர் திரும்பிவிடுகிறாள். பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது.

இன்னொரு வகை, வளர்ப்புப் பிள்ளைகள். உறவுக்காரர் பிள்ளையை வாய்ப்பேச்சில் தத்தெடுத்து, சொந்தப் பிள்ளையாகவே வளர்ப்பது நம் பழக்கம். பள்ளியில் சேர்க்கும் நாளில்தான் எந்தத் தாளிலும் அந்த உறவு இல்லை என்பது தெரியவரும். நீதிமன்றம் போய் முறையாகத் தத்தெடுத்தாலும், அதனால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது.

மேற்கு மலேசியாவில் நாடற்ற நிலையில் இருப்பவர்களைக் கண்டறியும் பணியை டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா எனும் அரசு சாரா அமைப்பு ஐ.நா. அகதிகள் ஆணையத்தோடு சேர்ந்து 2014 முதல் செய்தது. 12,000-க்கும் மேற்பட்டோர் அதில் பதிவானார்கள். இது நம் சமூகத்தைச் சேர்ந்தவர்களின் கணக்கு.

கதவு எதுவரை திறந்திருக்கிறது?

2003 தொடங்கி நம் நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். ஆனால் அந்தச் சட்டப்பிரிவு மலேசியக் குடிமக்களான பெற்றோரைப் பற்றித்தான் பேசுகிறது. சிறுவர் உரிமை உடன்படிக்கையை மலேசியா 1995-இல் ஏற்றபோதும், எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச, கட்டாயத் தொடக்கக் கல்வி எனும் பிரிவுக்கு விலக்கு வைத்துக்கொண்டது.

நல்ல மாற்றம் 2019-இல் வந்தது. தாய், தந்தையரில் ஒருவர் மலேசியராக இருந்தால், ஆவணம் முழுமையாக இல்லாத பிள்ளையையும் அரசாங்கப் பள்ளியில் சேர்க்கலாம் என்று கல்வி அமைச்சு வழியைத் தளர்த்தியது. பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போதே பெற்றோர் ஆவணத்துக்கு அலையலாம். இந்த வழி இருப்பதே தெரியாமல் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

ஒரு பாட்டியம்மா என்னிடம் கேட்டது இது: “வாத்தியாரய்யா, சூராட் பெரானாக்குல அப்படி எழுதிட்டாங்கன்னா எம்பேத்தி படிக்கவே கூடாதா?” பேத்திக்கு அப்போது எட்டு வயது. ஒரு பள்ளியில் கேட்டு, முடியாது என்ற ஒற்றைப் பதிலோடு திரும்பியிருந்தார். வேறொரு பள்ளியின் தலைமையாசிரியை மகனின் அடையாளக் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, தடுப்பூசிப் புத்தகம் எல்லாவற்றையும் நகலெடுத்து, பாட்டியைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகம் போனார். மூன்று மாதம் பிடித்தது. அந்தப் பெண் இப்போது நன்றாகவே வாசிக்கிறாள். இரண்டு பள்ளிக்கும் சட்டம் ஒன்றுதான்.

அகதிப் பிள்ளைகளின் நிலை

பெற்றோர் இருவருமே அகதிகளாக இருந்தால் இந்த வழியும் அடைபடுகிறது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்ற தனிப் பிரிவு கிடையாது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவானவர்கள் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்களும் அவர்களிடையே உண்டு. இவர்களின் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளி இல்லை. தொண்டு அமைப்புகளும் அகதிச் சமூகங்களும் நடத்தும் நூற்றுக்கும் மேற்பட்ட கற்றல் மையங்கள்தான் இருக்கின்றன. ஒரு கடைவீட்டு மாடி, நான்கைந்து தொண்டூழியர்கள், பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில். நம் கோயில் கொட்டகைப் பள்ளியின் மறுபதிப்பு அது.

வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. தமிழ்நாட்டையே பாருங்கள். இந்தியாவும் 1951 உடன்படிக்கையில் சேரவில்லை. ஆனாலும் 1983 கலவரத்துக்குப் பின் இராமேசுவரம் வந்திறங்கிய ஈழத் தமிழர்களின் பிள்ளைகளை அங்குள்ள அரசுப் பள்ளிகள் சேர்த்துக்கொண்டன. 1984-இல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் மாலை வகுப்பு நடத்தி, பிள்ளைகள் இடையில் நிற்காமல் பார்த்துக்கொண்டது. முகாமில் வளர்ந்து கல்லூரி முடித்தவர்கள் ஏராளம். அமெரிக்காவில், ஆவணம் இல்லாத பிள்ளைகளை அரசுப் பள்ளியிலிருந்து விலக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் மாநிலத்து வழக்கு அது. பெற்றோரின் குடிநுழைவு நிலைக்குப் பிள்ளையைத் தண்டிக்கக்கூடாது என்பதே அதன் சாரம்.

சேர்த்துவிட்டால் முடிந்ததா?

இல்லை. குடிமகன் அல்லாத மாணவருக்கு ஆண்டுக்கு 120 வெள்ளி தொடக்கப்பள்ளிக் கட்டணம், இடைநிலைப்பள்ளியில் 240 வெள்ளி. பாடநூல் இரவல் திட்டம் குடிமக்களுக்கு மட்டும். புத்தகத்தை விலைக்கு வாங்க வேண்டும். தினக்கூலிக் குடும்பத்துக்கு இது சுமை.

அதைவிடப் பெரிய சுமை கூச்சம். வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் முன்னிலையில் “உன் பத்திரம் இன்னும் வரவில்லையா?” என்று கேட்டால், மறுநாள் அந்தப் பிள்ளை வராது. கேட்க வேண்டியதைப் பெற்றோரிடம் தனியே கேட்கலாம். எட்டு வயதில் முதன்முதலாக வரும் பிள்ளைக்கு அ, ஆ தெரியாது. வீட்டில் மலாய் மட்டுமே பேசியிருக்கலாம். தினமும் அரை மணி நேரம் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால் ஓராண்டில் வகுப்போடு சேர்ந்துகொள்ளும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் போதும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பழைய மாணவர்களிடம் பாடநூல், சீருடை திரட்டி வைக்கலாம். யாருக்குக் கொடுத்தோம் என்று மேடையில் அறிவிக்க வேண்டாம்.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

திருமணத்தைப் பதிவு செய்யுங்கள், அதுவும் பிள்ளை பிறக்கும் முன்பே. பிறந்த பின் பதிவு செய்தால் குடியுரிமைச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடுவதில்லை. பிள்ளை பிறந்தவுடன் தேசியப் பதிவிலாகாவில் கெடுவுக்குள் பதியுங்கள். காலம் கடந்தால் சாட்சி, சத்தியப் பிரமாணம் என்று வேலை பல மடங்காகும்.

பழைய தாள் எதையும் வீசாதீர்கள். தாத்தாவின் சிவப்புக் கார்டு, தோட்ட அலுவலகச் சம்பளச் சீட்டு, கிளினிக் அட்டை, பள்ளி விடுகைச் சான்றிதழ், எல்லாமே சாட்சி. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் காலம் இது. செண்டாயான் பக்கம் போனால் பால்மரம் நின்ற இடத்தில் புது நகரம் நிற்கிறது. அலுவலகம் மூடினால் பதிவேடு போகும், குடும்பங்கள் சிதறினால் சாட்சி சொல்ல ஆளும் போகும்.

நாள் கடத்தாதீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின்படி, சிறப்புச் சூழலில் 21 வயதுக்குட்பட்ட எவரையும் குடிமகனாகப் பதிவு செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. 2024 அக்டோபர் 17-இல் மக்களவையில் நிறைவேறிய திருத்தம் அந்த வயதை 18 ஆகக் குறைக்கிறது. நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையையும் அது எடுத்துவிடுகிறது. சிவப்புக் கார்டு உள்ள குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். விண்ணப்பத்துக்குப் பதில் வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். ஆறு வயதில் தொடங்கினால் 18-க்குள் இரண்டு, மூன்று முறை முயல இடமிருக்கும். 16 வயதில் தொடங்கினால் ஒரு முறைக்கே நேரம் போதாது.

இந்தப் பக்கத்தை வாசிக்கும் இளைய வழக்கறிஞர்களுக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தக் குடும்பங்களுக்கு முதலில் தேவைப்படுவது, மலாய்ப் பாரத்தைத் தவறில்லாமல் நிரப்பிக் கொடுக்க ஒருவர், முகப்பில் உள்ள அதிகாரியிடம் கூச்சமில்லாமல் பேச ஒருவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, உங்கள் பெற்றோர் படித்த தோட்டப் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைக் கேளுங்கள்: “ஐயா, தாள் இல்லாமல் நிற்கும் பிள்ளை யாராவது இருக்கிறதா?” பெரும்பாலும் ஒரு பெயராவது சொல்வார். அந்த ஒரு பிள்ளையின் கோப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முடியும்வரை விடாதீர்கள்.