வீணே எரியும் வாயு

அற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலே நொதித்த கொழுந்து உலர்த்தியினுட் புகும்போது அதன் நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கு நீராகவே இருக்கும். தூளாகி வெளிவரும்போது நூற்றுக்கு மூன்று பங்கே எஞ்சும். அந்நீரை ஓட்டும் வெப்பத்தை நம் மலைநாட்டிற் பெரும்பாலும் விறகே தருகின்றது. மேல் அசாமிலோ பல தேயிலைத் தொழிற்சாலைகளில் இவ்வேலையை இயற்கை வாயு செய்கின்றது. அவ்வாயுவின் செய்தியை நம் மாணவர் அறிதல் நன்றெனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு வாயுவும் எழும். எண்ணெயைத் தாங்கியில் ஏற்றி எங்குங் கொண்டு செல்லலாம். வாயுவோ பேரிடத்தை அடைப்பது, அருகே கொள்வார் இல்லையெனின் விலைபோகாதது. ஆதலின் உயர்ந்த குழாயொன்றின் உச்சியில் அதனைக் கொளுத்திவிடுகின்றனர். கொளுத்தாது விடுதல் அதனினுந் தீது. வாயுவிற் பெரும்பங்கான மெதேன், நிறைக்கு நிறை, நூறாண்டுக் கணக்கிற் காபனீரொட்சைட்டைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு புவியை வெப்பமாக்கும். உலகெங்கும் ஆண்டுதோறும் இவ்வாறு எரிந்தொழிவது சுமார் 15,000 கோடி கன மீற்றர்.

அசாமில் நகர்கட்டியா எண்ணெய்வயல் 1953 இல் கண்டறியப்பெற்றது. 1962 இல் அசாம் வாயுக் கம்பனி நிறுவப்பெற்று, நாளடைவில் தேயிலைத் தொழிற்சாலைகள்வரை குழாய்கள் சென்றன. நாம்ரூப் உரத் தொழிற்சாலையும் 1969 இல் இயங்கலாயிற்று. தீச்சுடர்கள் அங்கு இன்னும் முற்றாக அவிந்தில. எனினும் கொள்வோர் அருகிருந்தமையால் வாயு விலைபெற்றது.

கொள்வோர் தொலைவிலிருப்பின் என் செய்வது? சிறு பொறிகள் தோன்றியது இதற்காகவே. கிணற்றின் வாயு சில ஆண்டுகளிற் குன்றிவிடுமாதலின், அவை லொறியில் ஏற்றி இடம்மாற்றத்தக்கனவாய் இருத்தல் வேண்டும். எளியது, கிணற்றருகே மின்பிறப்பாக்கியை நிறுத்துதல். வாயுவை 200 வளிமண்டல அமுக்கத்திற்கு மேல் நெருக்கி உருளைகளில் அடைத்தலும் உண்டு. பூச்சியத்துக்குக் கீழ் 162 பாகை செல்சியசுக்குக் குளிர்விப்பின் அது திரவமாகி 600 இல் ஒரு பங்காய்ச் சுருங்கும்; செலவோ பெரிது. எமக்கு வியப்பூட்டுவது மெதனோலாக்கலே. வாயுவை நீராவியுடன் நிக்கல் ஊக்கியின்மேல் 800 பாகை அளவான வெப்பத்திற் செலுத்தக் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் பிறக்கும். அவற்றைச் செப்பு ஊக்கி மெதனோலாக இணைக்கும். அதனைச் சாதாரணத் தாங்கியிலேயே கொண்டு செல்லலாம். (மெதனோல் கொடிய நஞ்சு; சாராயமென மயங்கி அருந்திக் கண்ணிழந்தோர் பலர்.)

மன்னார்க் கடற்படுகையில் 2011 இல் வாயு காணப்பெற்றது, இன்னும் எடுக்கப்பட்டிலது. எடுக்கப்படின், குழாயில்லா நிலையில் அது உருளைகளிலேதான் கினிகத்தேனை வளைவுகளைக் கடந்து அற்றனுக்கு ஏறிவரவேண்டும். அச்செலவை விறகின் விலையோடு நிறுத்துப் பார்த்தபின்னரே எந்தத் தோட்டமும் அதனை வாங்கும்.