ஓ.டி.பி. யார் கைக்கு வருகிறது?

விரல்நுனிப் பிள்ளைகள் – 11

பிள்ளைகளின் போன் பழக்கத்துக்குச் சட்டம்தான் மருந்து என்று நம்புகிறவர்களுக்கு, 2025 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு வழக்கில் தெம்பு கொடுத்தது. குழந்தைகள் கண்ணில் ஆபாசத் தளங்கள் படாமல் இருக்க, இணைய இணைப்பு தரும் நிறுவனங்களே பெற்றோருக்குக் கட்டுப்பாட்டு வசதி தர வேண்டும் என்று 2018-இல் போட்ட பொதுநல வழக்கு அது. நீதிபதிகள் ஜி.ஜெயச்சந்திரன், கே.கே.ராமகிருஷ்ணன் அமர்வு, ஆஸ்திரேலியாவைப் போலச் சட்டம் கொண்டுவர முடியுமா என்று மத்திய அரசு ஆராயலாம் என்றது. 2019 ஏப்ரலில் டிக்டாக்குக்கு இடைக்காலத் தடை போட்டதும் இதே மதுரைக் கிளைதான்; மூன்றே வாரத்தில் அது விலக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கு கூடாது. மீறினால் நிறுவனத்துக்குத்தான் அபராதம், 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை; பெற்றோரையும் பிள்ளையையும் சட்டம் தொடாது. நம்முடைய 2023 டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாரத்தைப் பெற்றோர் தோளுக்கு நகர்த்துகிறது. 18 வயது ஆகாதவரின் தரவைக் கையாள, பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்து வாங்க வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. இந்தப் பகுதி அமலாக 18 மாத அவகாசம்.

இரண்டு சட்டமும், பிள்ளைக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது என்று எண்ணிக்கொள்கின்றன. பழனிசெட்டிபட்டியில் நான் பார்த்த வீடு அப்படியில்லை.

தேனியை ஒட்டி, கம்பம் சாலையில், முல்லைப் பெரியாற்றங்கரையில் இருக்கிற பேரூராட்சி. அம்மா நூல் மில்லுக்கு ஷிப்ட் போகிறவர், அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். ஏழாம் வகுப்புப் பையன். வீட்டில் இருக்கிற ஸ்மார்ட்போன் ஒன்றே ஒன்று, அம்மா பேரில். குழுக் கடன் தவணை, கேஸ் புக்கிங், பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப் எல்லாம் அதில்தான். நான் உட்கார்ந்திருந்தபோதே போன் சிணுங்கியது. "ஏய்யா, பேங்க்ல இருந்து என்னமோ வந்துருக்கு, என்னன்னு பாரு" என்றார் அம்மா. விளையாட்டை நிறுத்தாமலே மேலே வந்த செய்தியை விரலால் இழுத்துப் பார்த்து, "பேலன்ஸ் கம்மியாம்மா" என்றான். அவன்தான் அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளை.

யூடியூபைத் திறந்து காட்டச் சொன்னேன். சீரியல் முன்னோட்டம், அதன் கீழே ஃப்ரீ ஃபயர் வீடியோ, அப்புறம் சேலைக் கடை, மறுபடி துப்பாக்கி. கணக்கின்படி பார்ப்பவர் நாற்பதை நெருங்கும் பெண்மணி. எந்த நாட்டுச் சட்டம் வந்தாலும் அந்தப் பையன் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டான். ஒப்புதல் கேட்டு ஓ.டி.பி. வந்தால் அதுவும் அவன் கைக்குத்தான் வரும். தாராளமாக ஒப்புதல் கொடுப்பான்.

அம்மாவுக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போக நெல்லுக்காகப் பெரியாறு அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 1-இல். ஏறக்குறைய அதே நாட்களில்தான் பள்ளிக்கூடமும் திறக்கும். சாயங்காலம் நாலரைக்கு வந்த பையன் அம்மா ஷிப்ட் முடிந்து வரும்வரை எங்கே போவான்? ஒரு பக்கம் லாரியும் பஸ்ஸும் பறக்கிற சாலை, இன்னொரு பக்கம் தண்ணீர் ஓடுகிற ஆறு. அதனால் போன் சாயங்காலம் வீட்டில் அவனிடமே இருக்கும். "ஆத்துப் பக்கம் போகாம வீட்டுக்குள்ள கெடக்கான்ல சார், அந்த மட்டுக்கும் நிம்மதி" என்றார் அவர். திரை நேரத்தைக் குறை என்று நகரத்து நிபுணர்கள் சொல்லும் அறிவுரையில் இந்த ஆற்றுக்கு இடமில்லை. நாலரை முதல் ஏழு வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் ஒரு கூடமும் தெருவுக்குக் கிடைத்தால், பாதிச் சட்டம் தேவைப்படாது என்பது என் கட்சி.

2024 ஏசர் கல்விநிலை அறிக்கையில், கிராமப்புறத்து 14–16 வயதினரில் ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் 82 சதவீதம். அம்மாக்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிளம்பும்போது அந்த அம்மா தணிந்த குரலில், ஜி-பே ரகசிய எண்ணை அவனுக்குத் தெரியாமல் மாற்ற முடியுமா என்றார். பழைய எண் தெரியுமா என்றேன். அதைப் போட்டதே அவன்தானாம். அப்படியென்றால் ஏ.டி.எம். கார்டின் கடைசி ஆறு எண்கள் வேண்டும், கார்டை எடுத்து வாருங்கள் என்றேன்.

"கார்டா? அவந்தான் பத்திரமா வச்சிருக்கான்."

(தொடரும்)