நார்போன் நகரமும் திராட்சைக் குடிகளும்

பிரான்ஸ் தேசத்தின் தென்கோடியில், மத்தியதரைக் கடலுக்கு அண்மையில், நார்போன் என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. கி.மு. 118-ஆம் ஆண்டில் ரோமானியர் நிறுவிய குடியேற்றம் அது. இன்று 55,000-க்கு மேற்பட்ட மக்கள் அங்கே வாழ்கின்றனர். நகரத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை திராட்சைத் தோட்டங்களே. அத்தோட்டங்களின் விளைவு மதுவாகிறது. மதுவைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஒரே விளைபொருளை நம்பி வாழும் நகரம் எவ்வாறு தாழ்ந்தது, எவ்வாறு எழுந்தது என்பதைச் சங்க அங்கத்தினர்கள் அறிதல் நலம் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

முதலில் நகரத்தைக் காண்போம். நகர மன்றத்திற்கு எதிரேயுள்ள சதுக்கத்தின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. அதனுள் தேய்ந்த கற்கள் பதித்த பாதையின் ஒரு துண்டு தெரியும். இத்தாலியையும் ஸ்பெயினையும் இணைத்த டொமீஷியப் பெருவழி அதுவே. 1997-ஆம் ஆண்டில் அங்கே வெளிப்பட்டது. அருகில், 1272-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற பேராலயம் நிற்கிறது. அதன் கூரை 40 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. ஆயினும் ஆலயம் இன்றளவும் முற்றுப்பெறவில்லை. மேலும் கட்டவேண்டுமாயின் அக்காலத்தில் நகர மதிலை இடிக்க நேர்ந்திருக்கும். அதற்கு நகரத்தார் இசையவில்லை. ஊரின் ஊடே ரோபின் கால்வாய் ஓடுகிறது. அதன் கரையில் 1901-இல் திறக்கப்பெற்ற இரும்புக் கூரைச் சந்தை உள்ளது. காலை வேளையில் மீனும் காய்கனியும் பாலாடைக் கட்டியும் அங்கே விலையாகும். ஊர்மக்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் இடமும் அதுவே.

காணச் செல்வோர் இவற்றை இரண்டு நாள்களில் கண்டு திரும்பிவிடுவர். அங்கே குடியிருப்போர் அறிந்த நகரம் வேறு. வடமேற்கிலிருந்து பலத்த காற்று பன்னாள் ஓயாது வீசும். கோடையில் கடற்கரையை நாடி வருவோரால் கடைகள் நிறையும். குளிர்காலத்தில் பல கடைகள் கதவடைக்கும். ஆண்டு முழுவதும் நின்று கவனிக்கும் செய்தி ஒன்றே: இவ்வாண்டு அறுப்பு எப்படி, விலை எப்படி? கொடி தழைத்தால் தச்சருக்கும் கொல்லருக்கும் கடைக்காரருக்கும் பிழைப்பு உண்டு. கொடி வாடினால் ஊரே வாடும்.

அந்த வாட்டம் ஒருமுறை கடுமையாகவே வந்தது. 1860-களில் பைலாக்ஸிரா என்னும் நுண்ணிய பூச்சி பிரான்ஸில் புகுந்து, கொடிகளின் வேரை அரித்து, தோட்டங்களைப் பாழாக்கியது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் தம் கொடியை ஒட்டுக் கட்டிக் குடியானவர்கள் மீண்டனர். இதற்குப் பெரும் பொருள் செலவாயிற்று, கடன் மிகுந்தது. மீண்டபின் விளைச்சலும் மிகுந்தது. அல்ஜீரியாவிலிருந்தும் மது வந்து குவிந்தது. இவற்றினும் கொடியது கலப்படம். பிழிந்த சக்கையில் நீரையும் சர்க்கரையையும் சேர்த்துப் புளிக்கவைத்து, அதனையும் மது என்று விற்றனர். மெய்யாக உழுதவனுடைய சரக்குக் கேட்பாரற்றுக் கிடந்தது.

1907-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், நார்போனுக்கு அருகிலுள்ள அர்ஜெலியே கிராமத்திலிருந்து 87 பேர் புறப்பட்டு, நகரத்திற்கு வந்திருந்த பாராளுமன்ற விசாரணைக் குழுவிடம் முறையிட்டனர். அவர்களுக்குத் தலைவர் மார்ஸலான் ஆல்பெர்; சிற்றுண்டிச் சாலையும் சிறிது தோட்டமும் உடையவர். அந்தச் சிறு கூட்டம் மூன்று திங்களுக்குள் பெருவெள்ளமாயிற்று. ஜூன் 9-இல் மோன்பெலியே நகரில் திரண்டவர்கள் பல லட்சம் என்பர். நார்போனின் நகரத் தலைவர் பெருல் தம் பதவியைத் துறந்தார். ஜூன் 19-இல் அவரைச் சிறைப்பிடித்தனர். அன்றும் மறுநாளும் நார்போன் வீதிகளில் படையினர் சுட்டதில் உயிர்கள் பலியாயின. இச்செய்தி கேட்டு, அப்பகுதி மைந்தர் பலரைக் கொண்டிருந்த 17-ஆம் காலாட்படையின் சில நூறு வீரர்கள் கலகம் செய்து பெஸியே நகருக்கு நடந்தனர்.

ஆல்பெர் பாரிஸுக்குச் சென்று பிரதம மந்திரி கிளெமான்சோவைக் கண்டார். ஊர் திரும்புவதற்கென்று மந்திரி 100 பிராங்க் கொடுத்தார், ஆல்பெர் பெற்றுக்கொண்டார். செய்தி வெளியானதும், தலைவர் விலைபோய்விட்டார் என்று மக்கள் ஐயுற்றனர். லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்த மனிதர் சில நாள்களில் தனியரானார். ஒருவரையே நம்பி நின்ற இயக்கம், அவர்மீது ஐயம் எழுந்தவுடன் சாய்ந்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனில், அத்துணைத் துன்பத்தின் பயன் யாது? இரண்டு நற்பயன்கள் நிலைத்தன. முதலாவது, 1907 ஜூன் 29-ஆம் நாளைய சட்டம். ஒவ்வொரு குடியானவரும் தம் தோட்டத்தின் பரப்பையும் அவ்வாண்டு செய்த மதுவின் அளவையும் எழுதிக் கொடுக்கவேண்டும். அக்கணக்கு ஊர் மன்றத்தின் வாயிலில் ஒட்டப்படும். மதுவில் சேர்க்கும் சர்க்கரைக்குக் கூடுதல் வரியும் விதிக்கப்பெற்றது. விளைந்த அளவு ஊரறிய எழுதப்பட்டபின், விளையாத மதுவை விற்பது எளிதன்று. இரண்டாவது, அவ்வாண்டு செப்டம்பரில் நார்போனில் தோன்றிய திராட்சைக் குடிகளின் பொதுச் சம்மேளனம். பெருல் அதற்குத் தலைவரானார். கலப்படத்தைக் கண்டுபிடிப்பதற்கென்று அச்சம்மேளனம் தன் சொந்தச் செலவில் ஆள்களை அமர்த்தியது. பின்னர் விலை உயர்ந்ததற்குச் சட்டம் ஒன்றே காரணம் என்று கூறமாட்டோம். 1910-இல் விளைச்சல் மிகக் குறைந்ததும் ஒரு காரணமே.

கூட்டுறவின் விதை இதற்கு முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. பெஸியேக்கு அருகிலுள்ள மரோசான் கிராமத்தில் 1901-ஆம் ஆண்டில் சிறு குடியானவர்கள் கூடிச் சங்கம் கண்டனர். நம் தேசத்தின் முதல் கூட்டுறவுச் சட்டத்திற்கு மூன்றாண்டு முற்பட்டது அது. சிறு குடியானவனுக்குத் தொட்டியும் இல்லை, நிலவறையும் இல்லை. அறுத்தவுடன் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்தாக வேண்டும். சங்கத்தார் தம் மதுவைப் பாரிஸ் வட்டாரத்து நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நேராக விற்றனர். 1905-இல் பொது நிலையமும் கட்டினர். ஒருவருக்காக எல்லோரும், எல்லோருக்காக ஒருவர் என்னும் கருத்துள்ள வாசகம் அதன் முகப்பில் பொறிக்கப்பெற்றது.

இத்தகைய நிலையங்கள் நடக்கும் முறையை நம் அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அறுப்புக் காலத்தில் அங்கத்தினர் கொணரும் பழத்தை நிறுத்து, அதன் இனிப்பை அளந்து, பதிவு செய்வர். பணம் ஒரே முறையில் வாராது. மது விற்க விற்கத் தவணையாக வரும். நல்ல விலை கிடைத்த ஆண்டில் வெளியே விற்றுவிட்டு, விலை விழுந்த ஆண்டில் மட்டும் சங்கத்தை நாடுதல் கூடாது என்பதற்காகவே, ஒப்புக்கொண்ட விளைவு முழுவதையும் ஒப்புக்கொண்ட ஆண்டுகள் வரை சங்கத்திற்கே கொடுக்கும் கட்டுப்பாடு வைத்துள்ளனர். நாம் தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களில், தறியாயினும் நிலமாயினும், இக்குறையையே அடிக்கடி காண்கிறோம்.

இதனால் எல்லாக் கவலையும் தீர்ந்துவிட்டதாக எவரும் எண்ணவேண்டாம். பிரெஞ்சு மக்கள் மது அருந்துவது 1960-களில் இருந்ததில் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. உடல் நலத்திற்கு அது நல்லதே; கொடியை நம்பியவனுக்கோ இடர். நீர்ப் பஞ்சமும் வாட்டுகிறது. 2023 நவம்பரில் திராட்சைக் குடிகள் மீண்டும் நார்போன் வீதிகளில் திரண்டனர். கொடியை அடியோடு பிடுங்கிவிட ஹெக்டேருக்கு 4,000 யூரோ வீதம் உதவித்தொகை 2024-இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் அருகிலுள்ள கொர்பியேர் மலைப்பகுதியில் பரவிய தீ சுமார் 16,000 ஹெக்டேர் நிலத்தை எரித்தது. வாங்குவோர் குறைந்துவிட்ட பண்டத்திற்குச் சங்கமும் விலை உண்டாக்க இயலாது. மாற்றுப் பயிரை ஆராய்வதும், இழப்பை ஒருவர் தலையில் சுமத்தாது பகிர்ந்து கொள்வதும் சங்கத்தால் இயலும்.

ஆகவே, நார்போனுக்குச் செல்லும் வாய்ப்புப் பெறும் அன்பர்கள் பேராலயத்தையும் ரோமானியப் பாதையையும் கண்டபின், ஊருக்கு வெளியே ஒரு கூட்டுறவு நிலையத்தையும் காண்பார்களாக. செப்டம்பர் மாதத்தில் சென்றால், பழ வண்டிகள் எடைமேடைமுன் வரிசையாக நிற்கும். தம் முறை வந்ததும் ஒவ்வொருவரும் எடைமுள்ளை உற்று நோக்குவர். பதிந்த எடைச் சீட்டைப் படித்துப் பார்த்த பின்னரே வண்டியை நகர்த்துவர். நம் சங்கங்களிலும் சீட்டைப் படியாமல் மடித்து வைக்கும் பழக்கம் ஒழியுமாயின், நம் பணியில் பாதி குறையும்.