ஆசியப் பெருநிலத்தில் எங்கே போவது?

பிரயாணம் செய்வதற்குப் பொருள் வேண்டும், ஓய்வு வேண்டும், உடல்வலிமை வேண்டும் என்பர். இம்மூன்றும் ஒருங்கே வாய்த்த பின்னரும் ஒரு சங்கடம் எஞ்சி நிற்கின்றது. எங்கே போவது என்பதே அது. ஆசியாக் கண்டம் ஏறக்குறைய 4 கோடியே 45 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. உலக மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அதில் வாழ்கின்றனர். உலகின் மிக உயர்ந்த சிகரமாகிய எவரெஸ்டும் அங்கேதான். நிலப்பரப்பில் மிகத் தாழ்ந்த இடமாகிய சாக்கடற்கரையும் அங்கேதான். இவற்றையெல்லாம் கண்டு முடிக்க ஓர் ஆயுள் போதாது. ஆகவே பிரயாணக் கலையிற் பாதி, போகாமல் விடவேண்டிய இடங்களைத் தீர்மானிப்பதே ஆகும்.

எங்கள் எல்கடுவவில் இக்கேள்வி மிகப் புதியது. மாத்தளையிலிருந்தும் வத்துகாமத்திலிருந்தும் மலையேறி வருகின்ற பாதைகள் சந்திக்கும் சிற்றூர் இது. சுற்றிலும் தேயிலை, இடையிடையே மிளகும் ஏலமும், அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர். அம்மலைத்தொடர் 2010ஆம் ஆண்டில், இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு கூறாக, உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அருகிலுள்ள செம்புவத்தை ஏரியையும் ஹுனஸ் நீர்வீழ்ச்சியையும் காண எத்தனையோ நாட்டார் வருகின்றனர். ஆனால் வருவோரைக் காண்பதற்குப் பழகிய எங்கள் கண்கள், நாங்களும் புறப்படலாம் என்பதை எண்ணிப் பார்க்கத் தொடங்கியது அண்மைக் காலத்திலேதான்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் மூதாதையரும் பிரயாணிகளே. கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள் அவர்கள். பசியாலும் நோயாலும் அவ்வழியிலே மாண்டவர் பலர். எனினும் எங்கே போவது என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை, கங்காணி தீர்மானித்தான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமோ, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேர் இலங்கைக்கும் உரியவர் என்று கணக்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே, இங்கு எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. ஆதலால், தன் பெயரில் ஒரு கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு, "எங்கே போகலாம்?" என்று ஒருவர் இங்கு கேட்பது சாதாரண வார்த்தையன்று.

அவ்வாறு கேட்டவள் என் அண்ணன் மகள். அவளும் அவள் கணவனும் ஆசிரியர்கள். ஆறு ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். பத்து நாள் விடுமுறை. இன்னொரு முறை எப்போது வாய்க்குமோ தெரியாது. ஜப்பான், பாலித்தீவு, காஷ்மீர், தாய்லாந்து, சிங்கப்பூர், நேபாளம் என்று ஒரு நீண்ட பட்டியலை எழுதிக்கொண்டு வந்து, "சித்தப்பா, இதில் எது நல்லது?" என்றாள். "எல்லாம் நல்லவைதாம் அம்மா. உனக்கு எது வேண்டும் என்பதை முதலிற் சொல்" என்றேன். அன்று அவளுக்குக் கூறியவற்றையே இங்கு வாசகர்க்கும் கூறுகின்றேன்.

முதலாவது, நோக்கம். சீன யாத்திரிகராகிய பாகியான் 399ஆம் ஆண்டில் தம் நாட்டை விட்டுப் புறப்பட்டபோது, காணத்தக்க இடங்களின் பட்டியலொன்றை எடுத்துக்கொண்டு புறப்படவில்லை. பிக்குகளின் ஒழுக்கத்தைக் கூறும் விநய நூல்களின் நல்ல பிரதிகள் அவருக்கு வேண்டியிருந்தன. அத்தேவையே பாலைவனத்தையும் பனிமலையையும் கடந்து அவரைக் கங்கைக் கரைக்கு இட்டுச் சென்றது. பின்னர்க் கடல் கடந்து இலங்கைக்கும் கொண்டுவந்தது. இங்கு அவர் இரண்டு ஆண்டுகள் தங்கினார். தேடிய நூல்கள் சிலவற்றையும் பெற்றார். வேண்டுவது இன்னதென்று அறிந்தவனுக்கு வழியும் புலப்படும். மனம் ஆறுவதற்காகப் போகின்றவனுக்குக் கடற்கரைக் கிராமம் ஒன்று போதும். சிற்பத்தைக் கற்க விரும்புபவன் கம்போடியாவின் அங்கோரிலே ஒரு வாரம் தங்கினாலும் மிகையாகாது. பிறர் போனார்கள் என்பதற்காகப் போகின்றவனுக்கு எவ்விடமும் இரண்டாம் நாளிற் சலித்துவிடும்.

இரண்டாவது, பருவம். கண்டம் ஒன்றேயாயினும் காலநிலை ஒன்றன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாத்தளையில் மழை கொட்டும்போது நேபாளத்திலே வானம் தெளிந்து இமயத்தின் சிகரங்கள் நன்கு தோன்றும். லடாக்குக்குப் போகும் மலைவழிகள் பனியால் மூடுண்டு, கோடையிலேயே திறக்கும். ஜூன் முதல் செப்டெம்பர் வரையே அங்கு செல்ல உகந்த காலம். அதே ஜூன் மாதத்தில் கேரளத்திலே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அங்கோரில் மழையற்ற காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. யாவாவிலோ ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிற் பாங்கொக் நகருக்குச் செல்வோர் கடும் வெயிலுக்கு ஆயத்தமாக வேண்டும். ஆனால் அந்நாட்களிலேயே தாய்லாந்து மக்களும் தம் புத்தாண்டை ஒருவர்மேல் ஒருவர் நீர் தெளித்துக் கொண்டாடுகின்றனர் என்பதையும் அறிந்தால் வெயில் சற்றுக் குறையும். நாள் நிச்சயமானவர்க்கு நாடுகளிற் பாதி தாமாகவே விலகிவிடும்.

மூன்றாவது, வழி. பத்து நாளில் ஐந்து நாடுகள் என்று விளம்பரம் செய்வோர் உளர். அவ்வாறு சென்று வந்தவர் உண்மையிற் காண்பவை ஐந்து விமான நிலையங்களே. பத்து நாளில் இரண்டு நாள் போக்குவரவில் ஒழியும். எஞ்சும் எட்டையும் இரண்டு அல்லது மூன்று ஊர்களுக்குமேற் பங்கிடலாகாது. ஓரூரில் மூன்று இரவேனும் தங்கினாலன்றி அங்குள்ள சந்தை கூடுவதையும் கடைத்தெரு அடங்குவதையும் அறிய முடியாது. விசா எங்கு எளிது, எங்கு அரிது என்பதையும் முன்கூட்டியே விசாரித்தறிதல் வேண்டும். ஆசை காட்டும் படத்தைக் கண்டு பயணச்சீட்டை வாங்கிவிட்டுப் பின்னர் விசாவுக்கு அலைதல் பேதைமை.

இனி, தமிழர்க்கு மாத்திரம் உரிய ஒரு வழியும் உண்டு. முன்னோர் சென்ற தடத்தைத் தேடிச் செல்வது அது. சுமாத்திராத் தீவின் பாருஸ் பகுதியிலே 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ் வணிகர் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. சீனாவின் குவான்சௌ துறைமுகத்திலே 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருந்தது. இவ்வளவு தூரம் போக இயலாதவர் கொழும்பு நூதனசாலைக்கேனும் போகலாம். 1911இற் காலியிற் கண்டெடுக்கப்பட்ட கல்லொன்று அங்குள்ளது. சீனக் கடற்றளபதி செங் ஹோ நிறுவிய அக்கல்லில், 1409ஆம் ஆண்டுக் கணக்குடன், சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு சமயத்தைப் போற்றுகின்றது. ஆசியாவின் விரிவை ஆளுயரக் கல்லொன்றிலே காண வேண்டுமாயின் அதுவே இடம். ஆசியாவைச் சுற்றப் புறப்படுபவர் அதைப் பார்த்துவிட்டுப் புறப்படுதல் நன்று.

இவை யாவற்றிற்கும் மேலான நியாயம் ஒன்றுண்டு. எது நமக்காகக் காத்திராதோ அதனை முதலிற் காண வேண்டும் என்பதே அது. புஜி மலை காத்திருக்கும். அங்கோர்க் கோபுரங்களும் அவ்வாறே. மனிதர் காத்திரார்.

இதனை எழுதும்போது என் அக்காளை நினைக்கின்றேன். 1973இல் அவள் கணவனோடும் கைக்குழந்தையோடும் இந்தியா சென்றாள். கண்டிப் புகையிரத நிலையத்தில் அன்று எழுந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கின்றது. அவ்வண்டிகளுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே எங்கள் மக்கள் பெயரிட்டிருந்தனர். தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேசுவரம். பின்னர் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர். இங்கு கொழுந்து பறித்த கைகள் அங்கும் கொழுந்து பறித்தன. தாயகம் திரும்பியோருக்கு வேலையளிப்பதற்கென்றே தமிழக அரசு அம்மலைகளில் தேயிலைத் தோட்டங்களை அமைத்திருந்தது. அக்காளுக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேலாகிவிட்டது. கண் மங்கிவருகின்றது. தொலைபேசியில் அவள் கேட்பது ஒன்றே: "நம்ம லயத்துப் பக்கத்திலே இருந்த பலாமரம் இன்னும் காய்க்குதா?"

பட்டியலில் இல்லாத இவ்வூரை நான் அண்ணன் மகளுக்கு விதிக்கவில்லை. மூன்று கேள்விகளையும் நான்காவது நியாயத்தையும் கூறிவிட்டு இருந்துவிட்டேன். வாலிபர் ஜப்பானைக் காண விரும்புவது குற்றமன்று. உறவைக் காரணம் காட்டி அவர்தம் ஆசையை அடக்குவதும் அறமன்று. இரண்டு வாரம் கழித்து அவள் வந்து, "சித்தப்பா, அத்தையைப் பார்த்துவிட்டு வருகிறோம். ஜப்பான் அடுத்த சீட்டுக்கு இருக்கட்டும்" என்றாள்.

பின்னர் நாங்கள் அமர்ந்து வழியை வகுத்தோம். தை மாதம், நீலகிரியில் மழை இராது, குளிர் இருக்கும். கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கு இரண்டு இரவு. மலைக்கோட்டையும் திருவரங்கமும் காணலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் பற்சக்கரத்தின் உதவியால் மலையேறும் இரயில் உண்டு. 1899இற் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் ஓடத் தொடங்கிய அது, 2005இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. உதகையிலிருந்து மலையிறங்கினாற் கூடலூர். அங்கு ஐந்து இரவு. அத்தைக்கு எடுத்துச் செல்ல எல்கடுவ மிளகும் ஏலமும், பலாமரத்தின் படமும்.

பாகியானைப்பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அநுராதபுரத்து அபயகிரி விகாரையிலே பச்சை மணிக்கல்லாலான புத்தர் சிலையின் அருகில், வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறி ஒன்றை அவர் கண்டாராம். அதுவரை எத்தனையோ அதிசயங்களைக் கண்ட அக்கண்கள் அப்போது நீர் சொரிந்தன. அவரே எழுதிவைத்த செய்தி இது. பெரிய கண்டத்தை அளந்து வந்த ஒருவரை, தம் ஊர்ப் பொருளொன்று கலங்கச் செய்துவிட்டது.

இத்தனை நாடுகளுள் எதனைத் தேர்வது என்று மயங்கும் வாசகர், படங்களையும் விலைப்பட்டியல்களையும் சற்று மூடி வைத்துவிட்டு, தம் வரவை எண்ணி எவரேனும் எங்கேனும் இருக்கின்றாரா என்று முதலில் நினைத்துப் பார்ப்பாராக. அத்தகையோர் எவரும் இல்லையாயின், நோக்கம், பருவம், வழி என்னும் மூன்றையும் சீர்தூக்கி விரும்பிய திசையிற் புறப்படலாம். உளராயின், திசை முன்னரே தீர்ந்துவிட்டது.