கிராஞ்சிச் சேறும் கரிமக் கணக்கும்

‘பசுமை’ என்னும் சொல்லோடு உறவுடையது ‘பாசி’. ஆயினும், தாழ் ஓத வேளையில் கிராஞ்சியின் கடலோரச் சேற்றுவெளியை உற்றுநோக்கினால், ஈரச் சேற்றின்மேல் பொன்பழுப்பு நிற மெல்லிய படலத்தைக் காணலாம். அதுவும் பாசியே. டயட்டம் எனப்படும் ஒருசெல் நுண்பாசிகள் அதில் மிகுதி. அவற்றின் பச்சையத்தை மற்றொரு பழுப்பு நிறமி மறைத்துவிடுகிறது. இச்சிற்றுயிர்களுக்குக் கடலின் கரிமச் சுழற்சியில் உள்ள பங்கினை வரவு, செலவு, இருப்பு என்னும் மூன்று சொற்களால் விளக்க முயல்வோம்.

முதலில் வரவு. பாசிக்கு ஒளி வேண்டும். உலகக் கடல்களின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். தெளிந்த நீரிலும் ஒளிச்சேர்க்கைக்குப் போதிய ஒளி சுமார் 200 மீட்டருக்குக் கீழே எட்டுவதில்லை. ஆகவே, கடலடிப் பாசிகள் கரையோர ஆழமற்ற பகுதிகளிலேயே வாழ்கின்றன. கலங்கிய நீருடைய ஜொகூர் நீரிணையில் அவ்வெல்லை மேலும் சுருங்குகிறது. ஓதம் வடியும் பகற்பொழுதில் நுண்பாசிகள் சேற்றின் மேற்பரப்புக்கு ஊர்ந்து வருகின்றன. கரியமில வாயுவைக் கொண்டு உணவு ஆக்குகின்றன. நீர் திரும்பும்போது மீண்டும் சேற்றுக்குள் இறங்குகின்றன.

அடுத்தது செலவு. நத்தை, புழு, நண்டு, சேற்றில் தாவும் மீன் ஆகியவை இப்படலத்தை மேய்கின்றன. அவை சுவாசிக்கும்போதும், இறந்த உடல்கள் சிதையும்போதும், கரிமத்தின் பெரும்பகுதி நீருக்கும் காற்றுக்கும் திரும்பிவிடுகிறது. வரவு பெரிதென்பதால் இருப்பும் பெரிதென்று கொள்ளுதல் பிழை. பாசி வளர்ந்தாலே புவி வெப்பம் தணியும் என்று வகுப்பறையில் சொல்லுமுன் நாம் இவ்வேறுபாட்டை உணர்த்த வேண்டும்.

இருப்பு எங்கே உருவாகிறது? சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது; அங்குச் சிதைவு மெல்ல நிகழும். புதையும் பாசியில் சிறு பங்கும், கண்டல் மரங்களின் வேரும் இலையும் அங்கு நெடுங்காலம் தங்குகின்றன. நுண்பாசிகள் சுரக்கும் பிசின் வண்டல் துகள்களை ஒட்டவைத்து, அலை அரிப்பைக் குறைக்கிறது. தாம் ஈட்டியதில் பெரும்பகுதியைச் செலவிட்டாலும், பிறர் சேமித்ததைக் காக்கும் காவலர் இவை.

அச்சேமிப்பு, சேறு கலையாதிருக்கும் வரைதான். தோண்டினால் புதைந்த கரிமம் ஆக்சிஜனைச் சந்தித்து மீண்டும் வாயுவாகலாம். 1975இல் அணைக்கட்டினால் கிராஞ்சி ஆற்றின் கழிமுகம் நன்னீர்த் தேக்கமாயிற்று. நகருக்கு நீர் தேவைப்பட்டது. ஓதம் ஏறி இறங்கிய பரப்பு குறைந்தது. எஞ்சியவற்றுள் சுங்கை பூலோ 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் இயற்கை வனப்பாதுகாப்புப் பகுதியாயிற்று. வலசைப் பறவைகளைக் காண அங்குச் செல்லும் மாணவர்கள், நடைபாதையில் நின்றவாறே பறவையின் காலடிச் சேற்றையும் நோக்குவார்களாக. கரிமக் கணக்கின் இருப்பு அங்கேதான் புதைந்துள்ளது.