எந்தக் கொப்பளிப்பு ஈறுக்கு நல்லது?

பல் துலக்கும்போது எச்சிலில் இரத்தம் தெரிகிறதா? பெரும்பாலும் அது ஈறு அழற்சியின் அடையாளம். "உப்பு நீரில் கொப்பளி" என்பார் பாட்டி. "நல்லெண்ணெய்தான் சிறந்தது" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். கடைக்காரரோ மருந்துப் புட்டியை எடுத்து நீட்டுவார். யார் சொல்வது சரி? சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில், ஈறு ஏன் வீங்குகிறது? டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் செய்த சோதனை ஒன்று 1965இல் வெளியாயிற்று. ஆரோக்கியமான 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். பற்களில் பாக்டீரியாப் படலம் படிந்தது. 10 முதல் 21 நாட்களில் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கியதும் வீக்கம் மறைந்தது. ஆகவே படலமே காரணம்.

குளோர்ஹெக்சிடின் கரைசல் இப்படலத்தைத் தடுக்கும் என்று 1970இல் அறிந்தனர். ஆனால் தொடர்ந்து கொப்பளித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். நாக்கின் சுவையும் மாறும். எனவேதான் மாற்றுப் பொருள்களைத் தேடுகிறார்கள்.

ஈறு அழற்சி உள்ள 20 பேருக்கு உப்பு நீர் கொடுத்தோம். ஒரு மாதத்தில் ஈறு தேறியது என்று வைத்துக்கொள்வோம். உப்பு நீர் வென்றுவிட்டதா? அவசரப்படாதீர்கள்! பரிசோதனை உண்டு என்று தெரிந்தால் எவரும் வழக்கத்தைவிட நன்றாகத் துலக்குவார்கள் அல்லவா? அதனாலும் ஈறு தேறும்.

வெர்னியர் அளவியில் சுழிப்பிழையை நீக்கிய பிறகுதானே அளவைக் குறிக்கிறோம்? இங்கும் அப்படியே. சீட்டுக் குலுக்கி இன்னொரு பிரிவினரைத் தேர்ந்து, வெறும் நீரைக் கொடுக்க வேண்டும். ஈறின் நிலைக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவார்கள்: 0 என்றால் நலம், 3 என்றால் தானாகவே இரத்தம் கசியும் நிலை. உப்பு நீர்ப் பிரிவின் சராசரி 1.6இலிருந்து 1.0 ஆகவும், வெறும் நீர்ப் பிரிவினுடையது 1.6இலிருந்து 1.2 ஆகவும் குறைந்தால், உப்பின் பங்கு 0.6 அன்று, 0.2 மட்டுமே. மதிப்பெண் இடும் மருத்துவருக்கு யார் எந்தப் பிரிவு என்பது தெரியக் கூடாது. தெரிந்தால் அவரையறியாமலே கை ஒரு பக்கம் சாயும்.

தமிழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 20 சிறுவர்களில் பாதிப் பேர் நல்லெண்ணெயும், மீதிப் பேர் குளோர்ஹெக்சிடினும் கொப்பளித்தனர். இரு பிரிவிலும் அழற்சி குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் வெறும் நீர்ப் பிரிவு அதில் இல்லை. எண்ணெயின் தனிப் பங்கு எவ்வளவு? இப்போது நீங்களே சொல்லுங்கள்!

இனி எந்த மருந்தைப் புகழ்ந்தாலும், "எதனோடு ஒப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். எதைக் கொப்பளித்தாலும் பல் துலக்குவதை விடாதீர்கள். இரத்தக் கசிவு நீடித்தால் பல் மருத்துவரிடம் செல்லுங்கள்.